கருவுறும் நாளும் முழுகாத மாதமும்

பழைய பிரெஞ்சு சிவில் சட்டத்தின்படி, ஒரு குழந்தை பிறந்தால் மூன்று நாட்களுக்குள் தகப்பனார் மேரி என்னும் நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று அந்த ஜனனத்தைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தகப்பனார் ஊரில் இல்லாவிடில், பிரசவம் பார்த்த வைத்தியரோ மருத்துவச்சியோ அக்கடமையை நிறைவேற்ற வேண்டியிருந்தது. இந்தச் சட்டம் புதுச்சேரியில் 1819ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும் இவ்வூரின் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் ஆசாரப்படியே நடந்துகொள்ளலாம் என்ற சலுகையும் அதனுடன் சேர்ந்தே வந்தது; நகரசபைகள் தோன்றிய 1880ஆம் ஆண்டில்தான் தேசவாசிகளின் ஜனனம், விவாகம், மரணம் ஆகியவற்றைப் பதிவதற்கும் தனி விதி ஏற்பட்டது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1676 முதல், இங்குள்ள கத்தோலிக்கப் பாதிரிமார் எழுதி வந்த ஞானஸ்நானக் குறிப்புகளின் சுருக்கத்தை, கவர்னராயிருந்த ஆல்ஃபிரெட் மார்த்தினோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேற்றினார். பிறப்பை இவ்வளவு நீண்ட காலம் எழுதி வைத்த ஊர்கள் தமிழகத்தில் சிலவே.

எனினும் அந்தப் பதிவேடுகள் யாவும் குழந்தை அழுத நாளிலிருந்தே தொடங்குகின்றன. அந்தச் சிசு கருவாய் உருவாவதற்குத் தம்பதியர் எத்தனை மாதங்கள் காத்திருந்தனர், எந்த நாளைக் கணக்கிட்டனர், எந்தக் குறியைக் கண்டு ‘இந்த முறை நிச்சயம்’ என்று நம்பினர் என்பவற்றை எந்தக் குமாஸ்தாவும் எழுதியதில்லை. அந்த விஷயம் மாமியாரின் நினைவிலும், மருத்துவச்சியின் விரல்நுனியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண்ணின் மனத்திலுமே தங்கியிருந்தது. ஆகவே அதன் வரலாற்றை நாடுபவர் மேரியின் ஏடுகளை விட்டு, இலக்கணத்திலும் சாஸ்திரத்திலும் வைத்திய நூல்களிலும் வீட்டு வழக்கங்களிலும் தேட வேண்டியிருக்கிறது.

தமிழில் இதைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, நாம் எதிர்பாராத இடத்தில், அகப்பொருள் இலக்கணத்தில் இருக்கிறது. தலைவியைப் பிரிந்து பரத்தை வீட்டில் தங்கியிருக்கும் தலைவன்கூட, அவளுக்குப் பூப்பு, அதாவது மாதவிடாய், நிகழ்ந்தபின் வரும் பன்னிரண்டு நாட்கள் அவளை விட்டு அகன்றிருப்பது அறமாகாது என்று தொல்காப்பியத்தின் கற்பியல் விதிக்கிறது. முதல் மூன்று நாட்கள் கூட்டத்துக்கு ஆகாதவை, ஆனால் அந்நாட்களிலும் அவன் அவள் அருகில் இருக்கவேண்டும் என்பது உரைகாரர் தரும் விளக்கம். பிற்கால அகநூல்கள் இதற்கு ஒரு சடங்கையே வகுத்துவிட்டன: தலைவி பூப்பெய்திய செய்தியைச் சொல்லாமல் சொல்வதற்காக, செந்நிற ஆடையும் செந்நிறப் பூவும் செஞ்சாந்தும் அணிவித்து ஒரு சேடியைப் பரத்தையர் தெருவுக்கு அனுப்புவார்கள்; அந்தச் செவ்வணியைக் கண்டதும் தலைவன் கடமையை உணர்ந்து வீடு திரும்ப வேண்டும். பரத்தையிற் பிரிவு என்னும் அந்த ஏற்பாட்டையே நான் அருவருக்கிறேன். ஆனால் கருவுறுதற்கு உரிய காலம் ஒன்று உண்டு, அது மாதவிடாயை எல்லையாகக் கொண்டு எண்ணத்தக்கது, அந்தக் காலத்தில் கணவன் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது மனைவியின் உரிமை என்ற தெளிவு அவ்விலக்கணத்தில் இருப்பதை மறுக்க முடியாது.

வடமொழி நூல்களும் இதே எண்ணைத்தான் சொல்கின்றன. ருதுகாலம் பதினாறு இரவு, அதில் முதல் நான்கு விலக்கு என்பது மநுவின் கணக்கு. பன்னிரண்டு இரவு என்பது ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதரின் கணக்கு. புதுச்சேரியில் சாந்தி முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துக் கொடுத்த சாஸ்திரிகளும், பஞ்சாங்கத்தை விரித்துப் பெண்ணின் ‘குளித்த நாள்’ கேட்ட ஜோசியர்களும் இந்தப் பரம்பரையின் வழியிலேயே நின்றார்கள். இரட்டை இரவில் ஆண், ஒற்றை இரவில் பெண் என்று அவர்கள் சேர்த்துச் சொன்னது வெறும் நம்பிக்கை. அதற்கு உடலில் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் பன்னிரண்டு நாள் என்பதை அவ்வாறு தள்ளிவிட இயலாது. இருபத்தெட்டு நாள் சுழற்சியுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ பதினான்காம் நாளில் சூல்முட்டை வெளிப்படுகிறது. அதற்கு முந்திய ஐந்து நாட்களையும் சேர்த்தால் ஒன்பதாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை கருவுறத் தக்க காலம் ஆகிறது. நூலோர் சொன்ன ஐந்தாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரையிலான எல்லைக்குள் இது முழுமையாக அடங்கிவிடுகிறது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில், பல தலைமுறைகளின் அநுபவத்திலிருந்து மட்டுமே இந்த எல்லையை வகுத்தவர்கள் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது; அந்தக் குறையின் பாரம் முழுவதும் சில பெண்களின் தலைமேல் இறங்கியது. கணக்கு எப்போதும் கடந்துபோன மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணப்பட்டது. முப்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்குச் சூல்முட்டை வெளிப்படுவது இருபத்தோராம் நாளை ஒட்டி. நாற்பது நாளைக்கு ஒருமுறை ஆகிறவளுக்கு இருபத்தாறாம் நாளை ஒட்டி. சாஸ்திரம் குறித்த பன்னிரண்டு இரவுகளும் கழிந்து, கணவன் தன் கடமை முடிந்ததென்று வெளியூருக்கோ கடலுக்கோ புறப்பட்டுவிட்ட பிறகுதான் அவளுடைய உரிய காலம் வந்திருக்கும். குறித்த நாளில் குறித்தபடி நடந்தும் வயிற்றில் தங்கவில்லையே என்று அவளை ‘மலடி’ என்றார்கள். மறுவிவாகத்துக்கு அதையே காரணமாகக் காட்டினார்கள். உடலில் எந்தக் குறையும் இல்லாமல், எண்ணும் முறையின் குறையினால் மட்டுமே பழி சுமந்து மாண்டவர்கள் அவர்களுள் எத்தனையோ பேர் இருந்திருக்க வேண்டும்.

வீட்டு வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மூன்று நாள் பெண் தனித்திருந்து நான்காம் நாள் தலைமுழுகி உள்ளே வருவது என்ற சம்பிரதாயம் இருந்த வரையில், அவளுடைய மாதக் கணக்கு அவளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. கொல்லைப்புறத்தில் அவள் ஒதுங்கிய நாள் கிருத்திகைக்கு முன்னா பின்னா, அமாவாசை கழித்தா என்று மாமியாருக்கும் நாத்தனாருக்கும் தெரியும். துணி வெளுப்பவளுக்கும் தெரியும். ஆதலால் ஒரு மாதம் நாள் தள்ளிப்போனால் முதலில் கண்டுகொள்வது வீடுதான். ‘மருமகள் முழுகாமல் இருக்கிறாள்’ என்ற வாக்கியம் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும்போது, சம்பந்தப்பட்டவள் இன்னும் அதை உறுதியாக நம்பத் தொடங்கியிருக்கமாட்டாள். அந்த ஏற்பாட்டினால் கர்ப்பம் சீக்கிரம் தெரிந்தது உண்மை. ஆனால் கர்ப்பம் உண்டாகாத ஒவ்வொரு மாதமும் அவள் ஒதுங்கி உட்காருவதே ஊருக்கு ஒரு அறிவிப்பாயிற்று. குழந்தைக்காக ஏங்கும் ஒருத்திக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேண்டியதில்லை.

நாள் தள்ளியபின் மருத்துவச்சியை அழைப்பார்கள். கர்ப்பம் தங்கியதா என்று அறிய அவள் கேட்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் சாஸ்திரம் சொன்னவையே. கரு தரித்த உடனேயே தோன்றும் குறிகளாகச் சோர்வு, தாகம், தொடைகளில் ஒரு கனம் ஆகியவற்றைச் சுசுருதர் குறிப்பிடுகிறார். பின்னர் தோன்றுவனவாக முலைக்கண் கறுத்தல், வாயில் நீரூறல், நறுமணமும் பிடிக்காமல் போதல், காரணமின்றி வாந்தி ஆகியவற்றைச் சேர்க்கிறார். மருத்துவச்சி இவற்றோடு அடிவயிற்றைத் தொட்டும், கண்ணிமையை விலக்கியும், முகத்தின் நிறத்தை நோக்கியும் முடிவு சொல்வாள். சித்த வைத்தியரானால் நாடியையும் பிடித்துப் பார்ப்பார். அவசரப்படுகிறவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு பழமொழியும் தயாராக இருந்தது: அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம். பிள்ளை வரம் வேண்டி வில்லியனூரில் கோகிலாம்பிகை சந்நிதியிலும் லூர்து மாதா கோயிலிலும் நின்ற பெண்களின் ஆவலை ஊரார் நகைத்த பழமொழி அது; எனக்கோ அந்த ஆவல் நகைப்புக்கு உரியதாகத் தோன்றவில்லை. கருவுற்ற முட்டை கருப்பையின் சுவரில் பதிவதற்கே ஆறு முதல் பத்து நாட்கள் வரை ஆகின்றன. அதுவரை உடல் எந்தச் செய்தியும் சொல்வதற்கில்லை. அந்த மௌனமான நாட்களின் வேதனையை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

மசக்கையைப் பற்றிச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்ததைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து மெல்ல நகரும் மேகங்களுக்கு, நிறைசூலின் பாரத்தால் நடக்கமாட்டாமல் பச்சைப் புளிக்கு ஆசைப்படும் பெண்களை உவமை காட்டுகிறார். புறநானூற்றில் ஒரு புலவர் சேரமன்னனைப் புகழும்போது, மசக்கை கொண்ட பெண்கள் விரும்பித் தின்பதைத் தவிர அவன் மண்ணைப் பகைவர் யாரும் உண்டதில்லை என்கிறார். மண்ணும் சாம்பலும் தின்னும் அந்த ஆசையை இன்றைய வைத்தியர்கள் இரும்புச்சத்துக் குறைவோடும் சோகையோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆகவே அது கர்ப்பத்தின் குறியாக இருந்ததோடு, கர்ப்பிணியின் ஆகாரக் குறைவையும் தெரிவித்த குறி என்று கொள்ளலாம். புலவர் அதை நாட்டின் சிறப்புக்கு அடையாளமாக்கினார்.

பிரெஞ்சுச் சட்டம் இவ்வூருக்குக் கொண்டுவந்த கணக்கு வேறு வகையானது. நம்மவர் கர்ப்பத்தைப் பத்து மாதம் என்றனர். இருபத்தெட்டு நாளாகப் பத்து முறை எண்ணினால் வரும் 280 நாள், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து பிரசவம் வரை இன்றும் வைத்தியர் எண்ணுவதே. பிரெஞ்சுக்காரர் ஒன்பது மாதம் என்றனர். அது கருவுற்ற நாளிலிருந்து எண்ணுவதற்கு நெருங்கியது. சட்டமோ இவ்விரண்டிலும் தங்காமல், 180 நாளுக்குக் குறையாமலும் 300 நாளுக்கு மேற்படாமலும் கர்ப்பம் இருக்கலாம் என்று இரண்டு எல்லைக்கல் நாட்டியது. விவாகத்தில் பிறந்த குழந்தைக்குக் கணவனே தகப்பன் என்றது அது. ஆனால் பிறப்புக்கு முந்திய 300ஆம் நாளிலிருந்து 180ஆம் நாள் வரையில் தான் மனைவியோடு சேர்ந்திருக்க இயலாத தூரத்தில் இருந்ததை அவன் நிரூபித்தால், குழந்தையை மறுக்க முடிந்தது. கைம்பெண்ணோ மறுமணத்துக்குப் பத்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கு புதுச்சேரியில் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் கட்டளைப்படி தங்கள் பழைய ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் பல. அந்தக் குடும்பங்களிலிருந்து ஆண்கள் சைகோனுக்கும் இந்தோசீனாவின் பிற ஊர்களுக்கும் உத்தியோகஸ்தர்களாகவும், சொல்தாக்கள் எனப்பட்ட சிப்பாய்களாகவும் கப்பலேறினார்கள். ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருந்துவிட்டு விடுமுறையில் சில மாதம் வந்து தங்கும் கணவனுக்கும், அந்தச் சில மாதங்களில் எப்படியாவது கர்ப்பம் தரித்துவிட வேண்டும் என்று தவிக்கும் மனைவிக்கும் கருவுறும் நாள் எது என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! கப்பல் புறப்பட்டபின் நாள் தள்ளிப்போனதை அவள் யாரிடம் முதலில் சொல்லியிருப்பாள்! குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்தால் நாவுகள் என்னென்ன பேசியிருக்கும்! சட்டத்தின் தாராளமான 180 முதல் 300 நாள் எல்லை, வம்பு பேசும் தெருவைவிடக் கருணையுள்ளதாகவே இருந்தது என்று சொல்வேன்.

இனி வைத்திய சாஸ்திரத்துக்கு வருவோம். 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியது. தேசவாசிகளுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்த பழைய பள்ளிகளுள் அது ஒன்று. அந்தப் பள்ளி தோன்றிய காலத்தில் பிரான்ஸ் தேசமே பிரசவ சாஸ்திரத்தில் முன்னணியில் நின்றது. அதற்குச் சிறிது முன்னர், 1821 இறுதியில், கெர்கராதெக் என்னும் வைத்தியர், லேனெக் கண்டுபிடித்த குழாயைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துச் சிசுவின் இருதயத் துடிப்பைக் கேட்டதாகப் பாரிஸ் மருத்துவ சபையில் அறிவித்திருந்தார். 1830களில் ழாக்மென் என்பவர், கர்ப்பம் தரித்த பெண்ணுடைய பிறப்புறுப்பின் உட்புறத் தோல் நீலங்கலந்த ஊதா நிறம் கொள்வதைக் குறித்தார். நோஷ் என்பவர் கர்ப்பிணியின் சிறுநீரைச் சில நாள் வைத்திருந்தால் மேலே ஒரு மெல்லிய ஆடை படியும் என்றும், அதுவே கர்ப்பத்தின் அடையாளம் என்றும் சொன்னார். அது நிலைக்காமல் போயிற்று. இருதயத் துடிப்போ ஐந்தாம் மாதத்தையொட்டியே கேட்கத் தக்கது. ஆகவே முதல் மூன்று மாதங்களைப் பொறுத்தவரையில், சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற டாக்டரும் குருசுக்குப்பத்து மருத்துவச்சியும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள்: இருவரும் பெண்ணின் வாய்மொழியையும், மறைந்துபோன மாதவிடாயையும், மார்பின் மாறுதலையும், குமட்டலையுமே நம்ப வேண்டியிருந்தது.

கருவுறும் நாளைப் பற்றியோ அந்தப் பெரிய சாஸ்திரம் நம் பழைய இலக்கணத்தைவிடப் பின்தங்கியிருந்தது. பாலூட்டிகளின் சூல்முட்டையை ஃபான் பேயர் 1827இல்தான் கண்டார். அது எப்போது வெளிப்படுகிறது என்ற கேள்விக்கு, ரூவான் நகரத்துப் புஷே 1847இல் வெளியிட்ட தமது நூலில், மாதவிடாயை ஒட்டியே வெளிப்படுகிறது என்று விடையளித்தார். பாரிஸின் ரசிபோர்ஸ்கியும் அதே கருத்தைக் கொண்டிருந்தார். விலங்குகள் சினைப்பருவத்தில் இரத்தம் சிந்துவதைப் பார்த்து மனித ஸ்திரீக்கும் அதையே பொருத்தினார்கள். அதன் விளைவாக, மாதவிடாயும் அதை அடுத்த சில நாட்களுமே கருவுறும் காலம், மாதத்தின் நடுநாட்கள் கருத்தரியாத காலம் என்ற தலைகீழான போதனை ஐரோப்பா முழுவதும் பரவி, எண்பது ஆண்டுகள் நிலைத்தது. புதுச்சேரிப் பள்ளியில் பிரெஞ்சு நூல்களைக் கற்றுத் தேர்ந்த ஒரு தமிழ் வைத்தியரிடம் குழந்தையில்லாத தம்பதியர் யோசனை கேட்டிருந்தால், அவர் தாம் கற்ற நூலை நம்பித் தவறான நாட்களையே குறித்துக் கொடுத்திருக்கக் கூடும். தெற்குத் தெரு ஜோசியரின் பன்னிரண்டு இரவுகள் அவர்களுக்கு அதைவிட உதவியிருக்கும். விஞ்ஞானத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனாலேயே, அது தவறிய காலத்தில் அதன் தவறு யாருடைய வாழ்க்கையில் போய் விழுந்தது என்பதை மறைக்காமல் எழுத விரும்புகிறேன்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானில் ஒரு மருத்துவமனையில் பணியாற்றிய கியூசாகு ஓகினோ. அறுவைச் சிகிச்சைக்கு வந்த பெண்களின் சூலகங்களை நேரில் கண்டு, அவர்களுடைய மாதவிடாய் நாட்களோடு ஒப்பிட்டு, 1924இல் அவர் தம் முடிவை வெளியிட்டார்: சூல்முட்டை வெளிப்படுவது போன மாதவிடாயிலிருந்து எண்ணத்தக்கதன்று, வரப்போகும் மாதவிடாய்க்கு முன் பன்னிரண்டாம் நாளிலிருந்து பதினாறாம் நாளுக்குள் அது நிகழ்கிறது. சுழற்சி நீண்டாலும் குறுகினாலும் மாறுவது முற்பகுதியே. பிற்பகுதி ஏறத்தாழ நிலையானது. ஆஸ்திரியாவின் க்னௌஸ் 1928இல் தனியாக இதே முடிவுக்கு வந்தார். பின்னோக்கி எண்ண வேண்டும் என்ற இந்த ஒரே மாற்றம், நெடுஞ்சுழற்சியுள்ள பெண்களுக்குப் பல நூற்றாண்டுகளாக இழைக்கப்பட்ட அநீதிக்கு விடையாக அமைந்தது. ஓகினோ இதைக் குழந்தை வேண்டுவோருக்கு உதவியாகவே கண்டார். கருவைத் தவிர்ப்பதற்கு இதை நம்பலாகாது என்று அவரே எச்சரித்தார். உலகமோ அவருடைய பெயரைத் தவிர்ப்பதற்கான முறைக்கே சூட்டிவிட்டது.

அப்படியானதற்குக் காலமும் ஒரு காரணம். பிரான்ஸ் தேசத்தில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தடைப் பிரசாரத்தையே குற்றமாக்கியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை செயற்கைக் கருத்தடையை 1930இல் மீண்டும் கண்டித்தது. நாட்களைக் கணக்கிட்டு விலகியிருப்பதைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையில் தக்க காரணமிருந்தால் அனுமதித்தார். கத்தோலிக்கர் நிறைந்த புதுச்சேரியில், பெண்கள் தம் மாத நாட்களைக் குறிக்கப் பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் மறைமுகமாக வழிவகுத்திருக்கக் கூடும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அதே ஊரின் இன்னொரு புறத்தில், கனகசுப்புரத்தினம் என்னும் தமிழாசிரியர், பாரதிதாசனாக உலகறிந்தவர், கருத்தடையை ஆதரித்து வெளிப்படையாகக் கவிதை எழுதினார். அது அவருடைய முதல் கவிதைத் தொகுதியில் இடம்பெற்றது. எதிரெதிர்த் திசையில் நின்ற இவ்விரு தரப்பினரும், பெண்ணின் உடலைப் பற்றி வாய்திறந்து பேசலாம் என்ற ஒன்றைத் தமக்குத் தெரியாமலே சேர்ந்து சாதித்தார்கள்.

சுதந்திர இந்தியாவின் முயற்சியையும் இங்கே நினைக்க வேண்டும். சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌரின் அழைப்பின்பேரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஏப்ரகாம் ஸ்டோன் என்னும் வைத்தியரை 1951இல் அனுப்பியது. மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும், டில்லி லோதி காலனியிலும் பெண்களுக்கு நிறநிறமான மணிகள் கோத்த மாலைகள் வழங்கப்பட்டன. நாளொன்றுக்கு ஒரு மணியாக நகர்த்தி, இன்ன நிறம் வரும்போது கருவுறும் நாள் என்று அவர்கள் அறியவேண்டும் என்பது ஏற்பாடு. எழுத்தறியாத பெண்ணும் தன் உடலின் காலத்தைத் தானே எண்ணலாம் என்ற எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் அதைக் கழுத்தில் அணியப் பெண்கள் பலர் நாணினார்கள். மாலையைக் காண்பவர் யாவரும் அதன் பொருளை அறிவார்கள் அல்லவா? செவ்வணி பூண்ட சேடியைத் தெருவில் நடக்கவிட்ட பழைய தவறே இங்கும் நேர்ந்தது.

கர்ப்பத்தை உறுதிசெய்யும் சோதனைகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெர்லினில் ஆஷ்ஹைமும் ஸோன்டெக்கும் 1928ஐ ஒட்டி, பெண்ணின் சிறுநீரை இளம் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் சூலகம் பழுப்பதைக் கொண்டு கர்ப்பத்தை அறிந்தார்கள். பிறகு முயல் வந்தது. 1947இல் அர்ஜென்டீனாவின் கல்லி மைனினி ஆண் தேரையைப் பயன்படுத்தி, சில மணி நேரத்தில் விடை காணும் வழியைக் காட்டினார். நம் நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் நம் ஊர்த் தேரை இந்தப் பணிக்கு உதவியது. 1960இல் உயிருள்ள பிராணிகள் தேவைப்படாத எதிர்ப்பொருள் சோதனை வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் அது வீட்டிலேயே செய்துகொள்ளும் அளவுக்கு எளிதாயிற்று. இன்று கிராமந்தோறும் ஆஷா ஊழியர்கள் அந்தச் சோதனைக்குரிய பட்டையை இலவசமாகத் தருகிறார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி 1954 நவம்பர் 1ஆம் நாள் இறங்கியபின், 1956இல் இந்திய அரசு இங்கே தன்வந்திரி மருத்துவக் கல்லூரியை ஏற்படுத்தியது. 1823இல் தொடங்கிய பழைய பள்ளியின் வழித்தோன்றலாகிய அது, 1964இல் கோரிமேட்டில் ஜிப்மர் என்ற பெயரைப் பெற்றது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இயங்குகிறது. பழைய மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பின்னர் அதே வடிவில் மீண்டும் எழுப்பப்பட்டிருக்கிறது. ஒதுங்கி உட்காரும் வழக்கம் பெரும்பாலான வீடுகளில் மறைந்துவிட்டது. அது மறைந்தது நன்மையே. ஆனால் அதோடு வீட்டார் வைத்திருந்த நாட்கணக்கும் மறைந்தது. அதன் இடத்தில் பெண் தானே எழுதிவைக்கும் கணக்கு இன்னும் எல்லா இடத்திலும் வந்துவிடவில்லை.

இன்று நிச்சயமாகத் தெரிந்தவற்றைக் குழந்தை வேண்டும் தம்பதியருக்காக இங்கே சொல்லிவிடுகிறேன். வெளிப்பட்ட சூல்முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிர்த்திருப்பதில்லை. ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை வாழக்கூடும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும் சேர்ந்து ஆறு நாட்களே மாதத்தில் கருவுறத் தக்கவை. அந்நாட்கள் நெருங்குவதை உடலே அறிவிக்கிறது: வெள்ளைப்படுதல் முட்டையின் வெண்கருவைப் போலத் தெளிந்து, விரலிடையே நீளும்படி வழுக்கலாகிறது. சிலருக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் இலேசான வலி தோன்றும். முட்டை வெளிப்பட்டபின், காலையில் படுக்கையை விட்டு எழுமுன் அளக்கும் உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸுக்குள் சிறிது உயர்ந்து, அடுத்த விலக்கு வரை அப்படியே நிற்கிறது. டச்சு வைத்தியர் ஃபான் டெ ஃபெல்டெ 1904லேயே இந்த ஏற்றத்தைப் படம் வரைந்து காட்டினார். ஆனால் வெப்பம் உயர்ந்ததை அறியும்போது உரிய காலம் கடந்திருக்கும். முன்கூட்டிச் சொல்வது அந்த வழுக்கலான நீரே. இதைக் கவனித்து அறிந்த பெண்கள் எக்காலத்திலும் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்; அதை எழுதி வைப்பதற்கு ஆண்கள் எழுதிய நூல்களில் இடம் கிடைக்கவில்லை.

நாள் தள்ளிப்போதல், மார்பில் நோவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், இனம்புரியாத அசதி, ஆறாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும் குமட்டல் ஆகியவை கர்ப்பத்தின் முதற் குறிகள். இவற்றுள் சில வரப்போகும் விலக்குக்கும் பொதுவாதலால், நாள் தள்ளியபின் சிறுநீர்ச் சோதனை செய்தே முடிவு கொள்ள வேண்டும். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலியும் மயக்கமும் இரத்தப்போக்கும் சேர்ந்து தோன்றினால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக் கூடும். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தை வேண்டும் என்று தீர்மானித்த நாளிலிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவரின் யோசனைப்படி உட்கொள்ளத் தொடங்குவது சிசுவின் முதுகுத்தண்டுக்குப் பாதுகாப்பு.

இந்த நாட்கணக்கைக் கணவனும் அறிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அது அவ்விருவருக்குள் மட்டுமே இருக்க வேண்டும். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும், மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதம் முயன்றும், கரு உண்டாகாவிடில் இருவரும் ஒன்றாக மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தையின்மைக்கு ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆணின் குறையும் காரணமாகச் சேர்ந்திருக்கிறது. ஆணுக்குச் செய்யும் விந்துப் பரிசோதனையோ வலியற்றது, செலவு குறைந்தது. மாமியார்மாரையும் தாய்மாரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: மருமகளை எந்தச் சோதனைக்கு அனுப்புவதற்கு முன்னும், முதலில் உங்கள் பிள்ளையை அந்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.